டி.வி.யைக் கீழே இறக்குங்கள்!

மதுரைப் பக்கம் ஒரு வீடு. அன்று அந்த வீட்டில் ஒரே கொண்டாட்டம். புது டி.வி. வந்திருக்கிறது. 43 அங்குல டி.வி.!

பழைய பெட்டியை எடைக்குப் போட்டாகிவிட்டது. டி.வி.யை மாட்ட ஆள் வந்திருக்கிறார். அவர் கையில் ஓட்டை போடும் மெஷின்.

"எங்கே சார் மாட்டணும்?" என்று கேட்டார் அவர்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். சுவரைப் பார்த்தார். கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்கே மாட்டுங்க தம்பி."

"இன்னும் கொஞ்சம் மேலே மாட்டலாமே. அப்போதான் எடுப்பா இருக்கும்" என்றார் அவர் மனைவி. அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"டர்ர்ர்!" என்று ஒரு சத்தம். சுவரில் நாலு ஓட்டை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தரையில் இருந்து 5¼ அடி உயரத்தில் படத்தின் நடுப்பகுதி. சுவரே நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்தான் அந்த வீட்டுப் பாட்டி. 70 வயது. அவர் எப்போதும் தரையில்தான் உட்காருவார். எதிர்ச் சுவரில் சாய்ந்துகொள்வார். காலை நீட்டிக்கொள்வார். சாயங்காலம் 6 மணி முதல் 9 மணி வரை டி.வி. பார்ப்பார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் பாட்டி கழுத்தைத் தேய்த்தார். மூன்றாவது வாரம் தைலம் வந்தது. நாலாவது வாரம் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"வீட்டிலே டி.வி. எங்கே இருக்கு?"

மகன் கையை உயர்த்திக் காட்டினார். டாக்டர் சிரித்தார்.

"மருந்து அப்புறம். முதல்லே டி.வி.யைக் கீழே இறக்குங்க!"

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நடக்கும் கதைதான்.

நின்று முடிவு! உட்கார்ந்து காட்சி!

தவறு எங்கே நடந்தது?

வீட்டுக்காரர் நின்றுகொண்டு இடத்தைக் காட்டினார். நிற்கும் மனிதரின் கண், தரையில் இருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்கிறது. அவர் கண்ணுக்கு நேராக எந்த இடம் தெரிந்ததோ, அந்த இடத்தைக் காட்டினார். அவர் கண்ணுக்கு அது சரிதான்.

ஆனால் டி.வி.யை யாராவது நின்றுகொண்டு பார்க்கிறார்களா? கிடையாது. உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்.

உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கும்?

நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் இருந்து சுமார் 3¾ அடி. அதாவது இரண்டரை முழம்.

தரையில் உட்கார்ந்தால் இன்னும் கீழே. சுமார் 2¼ அடி முதல் 2½ அடி வரைதான் இருக்கும். அதாவது ஒன்றரை முழம்.

நிற்பவரின் கண் எங்கே? தரையில் இருக்கும் பாட்டியின் கண் எங்கே? இரண்டுக்கும் நடுவில் இரண்டரை அடிக்கு மேல் வித்தியாசம்! அந்த இரண்டரை அடியையும் பாட்டியின் கழுத்து சுமக்கிறது.

சில பொருள்களை உயரத்தில் வைப்பதில் தவறு இல்லை. சாமி படம் உயரத்தில் இருக்கிறது. அண்ணாந்து கும்பிடுகிறார்கள். அது ஒரு நிமிஷம். கடிகாரம் உயரத்தில் இருக்கிறது. மணி பார்க்க ஒரு வினாடி போதும். டி.வி. அப்படியா? மூன்று மணி நேரம்! கும்பிடும் பொருளை மாட்டுவதுபோல, பார்க்கும் பொருளை மாட்டக் கூடாது.

அந்தக் காலத்துப் பெட்டி

சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. அப்போது டி.வி. என்றால் பெரிய மரப் பெட்டி. சில பெட்டிகளுக்குக் கதவுகூட உண்டு. படம் முடிந்ததும் கதவை இழுத்து மூடிவிடுவார்கள்.

உள்ளே இருந்தது கண்ணாடிப் படக்குழாய். கனமான பொருள். பின்பக்கம் நீளமாகப் புடைத்துக்கொண்டு இருக்கும். அதைச் சுவரில் மாட்ட முடியாது. மேஜை மீதோ, நாலு கால் ஸ்டாண்டு மீதோதான் வைத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு "ஒலியும் ஒளியும்" என்றால் தெருவே ஒரு வீட்டில் கூடும். குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். எல்லோரும் தரையில். எதிரே மேஜை உயரத்தில் பெட்டி. தரையில் இருப்பவர் கண்ணும் படமும் ஏறக்குறைய நேராக இருந்தன. அண்ணாந்து பார்க்கும் வேலையே இல்லை!

2006-ம் ஆண்டு தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. அது 14 அங்குலப் பெட்டி. பல வீடுகளில் அதை ஸ்டூல் மீது வைத்தார்கள். தகரப் பெட்டி மீது வைத்தார்கள். அதுவும் தாழ்வாகத்தான் இருந்தது.

பிறகுதான் பெட்டி மெலிந்தது. பலகைபோல ஆனது. எடை குறைந்தது. 43 அங்குல டி.வி. இன்று பெரும்பாலும் 10 கிலோவுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒருவரே தூக்கிவிடலாம். மெலிந்த பெட்டி சுவரில் ஏறியது. ஏறியது நின்றதா? இல்லை. மேலே மேலே போய்விட்டது!

பாவம், மனிதர்கள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

டீக்கடைப் பழக்கம்

டி.வி. மேலே ஏறியதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, டீக்கடை. டீக்கடையில் டி.வி. கூரைக்குப் பக்கத்தில் இருக்கும். பஸ் நிலையத்திலும் அப்படியே. ஏன் தெரியுமா? அங்கே மக்கள் நிற்கிறார்கள். ஒருவர் தலை இன்னொருவருக்கு மறைக்கும். அதனால் உயரத்தில் வைக்கிறார்கள். கை படாமல் இருப்பதற்கும் அதுவே வசதி. அங்கே அது நியாயம். பார்ப்பவரும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் பார்ப்பார்.

அதைப் பார்த்துப் பழகிய கண், வீட்டிலும் அப்படியே மாட்டச் சொல்கிறது. வீடு என்ன டீக்கடையா?

இன்னொரு காரணம், பிளக் பாயிண்ட். வீடு கட்டும்போது சுவரில் மின்சார வேலை நடக்கிறது. டி.வி.க்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எந்த உயரத்தில் என்று சொல்வது இல்லை. எலக்ட்ரீஷியன் தன் கைக்கு வசதியான உயரத்தில் வைத்துவிடுகிறார். அது 5 அடியாக இருக்கும். சில வீடுகளில் 6 அடியாகக்கூட இருக்கும். பூச்சு வேலை முடிகிறது. வர்ணம் அடிக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து டி.வி. வருகிறது. வயர் வெளியே தொங்கினால் அசிங்கம்! அதனால் பிளக் இருக்கும் இடத்தை மறைத்து டி.வி.யை மாட்டுகிறார்கள்.

ஆக, டி.வி. எந்த உயரம் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யவில்லை. டி.வி. வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே எலக்ட்ரீஷியன் முடிவு செய்துவிட்டார்!

இது சின்னச் செலவில் தீரும் விஷயம். வீடு கட்டுகிறவர்கள், டி.வி. பாயிண்டை 2½ அடி முதல் 3 அடி உயரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த வீடு என்றால், பிளாஸ்டிக் பட்டி ஒன்றைச் சுவரோடு ஒட்டி, அதற்குள் வயரைக் கீழே கொண்டுவரலாம். வயர் வெளியே தெரியாது. ஒரு முழம் வயருக்காக ஒரு மனிதரின் கழுத்தை வளைப்பது நியாயமா?

கழுத்து என்ன சொல்கிறது?

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அந்தச் சிரசின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிலோ. பெரிய பூசணிக்காய் ஒன்றின் எடை!

அந்த 5 கிலோவையும் தாங்குவது கழுத்து. அதில் உள்ளவை 7 சின்ன எலும்புகள். தலை நேராக இருக்கும்போது எலும்புகள் மீது எடை சமமாக இறங்குகிறது. கஷ்டம் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்தால், எடை பின்பக்கம் போகிறது. எலும்பு மூட்டுகள் ஒன்றை ஒன்று நெருக்குகின்றன. தசைகள் இறுகுகின்றன. ஐந்து நிமிஷம் என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். தினமும் மூன்று மணி நேரம் என்றால்?

இளம் வயதுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போய்விடுவார். வயதானவர் அப்படி இல்லை. பலருக்குக் கழுத்து எலும்பில் ஏற்கனவே தேய்மானம் இருக்கும். சிலருக்கு அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும். டி.வி. பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது விழுந்தால், கழுத்து வலியோடு இடுப்பு எலும்பும் சேர்ந்துகொள்ளும்.

கண்ணுக்கும் கஷ்டம் உண்டு. கண் இயற்கையாகவே சற்றுக் கீழ் நோக்கிப் பார்க்கத்தான் விரும்புகிறது. புத்தகம் படிப்பதும், பூக் கட்டுவதும், அரிசியில் கல் பொறுக்குவதும் கீழே பார்த்துச் செய்யும் வேலைகள். மேலே பார்க்கும்போது இமை அதிகமாகத் திறக்கிறது. கண்ணில் உள்ள ஈரம் சீக்கிரம் காய்கிறது. படத்தில் லயித்திருக்கும்போது இமைப்பதும் குறைகிறது. அதனால் கண் எரிச்சல். "டி.வி. பார்த்தால் கண் எரிகிறது" என்று சொல்பவர்கள் டி.வி.யின் உயரத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கழுத்து வலி பல நாள் நீடித்தாலோ, கையில் மரத்துப்போவதுபோல இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். டி.வி.யை இறக்கினால் எல்லா வலியும் போய்விடும் என்று நினைக்கக் கூடாது.

சொந்த வீட்டில் தரை டிக்கெட்டா?

பழைய டூரிங் டாக்கீஸ் பலருக்கு நினைவு இருக்கும். திரைக்குப் பக்கத்தில் மணல். அது தரை டிக்கெட். விலை குறைவு. பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் நாற்காலி. அதற்கு விலை அதிகம்.

தரை டிக்கெட்காரர் படம் முழுவதும் அண்ணாந்து பார்ப்பார். வெளியே வரும்போது கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வருவார். காசு குறைவு, கஷ்டம் அதிகம். அது வியாபாரம்.

வீடு வியாபாரம் அல்ல. ஆனால் இன்று பல வீடுகளில் என்ன நடக்கிறது? சோபாவில் உட்காரும் விருந்தாளிக்குக்கூட டி.வி. உயரமாகத்தான் இருக்கிறது. தரையில் உட்காரும் பாட்டிக்கும், பாயில் படுத்திருக்கும் பேரனுக்கும் கேட்கவே வேண்டாம். வருஷத்துக்கு நாலு தடவை வரும் விருந்தாளியின் கண்ணுக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று, தினமும் பார்க்கும் பாட்டியைத் தரை டிக்கெட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது அவர் மகன் கட்டிய வீடு! அந்த வீட்டிலா அவருக்குத் தரை டிக்கெட்?

பாட்டி வாய் திறந்து சொல்லமாட்டார். "பிள்ளை ஆசையா வாங்கினான்" என்று பேசாமல் இருந்துவிடுவார். சொல்லாதவருக்காகச் சேர்த்துத்தான் மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

கால் பங்கு கணக்கு

சரி, எந்த உயரம்தான் சரியான உயரம்?

இதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போதும். அதற்குக் கால் பங்கு கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மிகவும் தாழ்வாக உட்கார்ந்து, தினமும் டி.வி. பார்ப்பவர் யார்? அவரை அவர் இடத்தில் உட்காரச் சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்கும் சுவருக்கும் எத்தனை அடி தூரம் என்று அளக்க வேண்டும். அந்தத் தூரத்தை நாலாக வகுக்க வேண்டும். அவர் கண் உயரத்துக்கு மேல் அந்தக் கால் பங்குதான் படம் போகலாம். படத்தின் மேல் விளிம்பு அதைத் தாண்டக் கூடாது.

மதுரைப் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். அவர் கண் உயரம் 2 அடி 4 அங்குலம். சுவரில் இருந்து அவர் 8 அடி தூரத்தில் உட்காருகிறார். எட்டில் கால் பங்கு இரண்டு. ஆகவே 2 அடி 4 அங்குலத்தோடு 2 அடியைக் கூட்ட வேண்டும். 4 அடி 4 அங்குலம். படத்தின் மேல் விளிம்பு இதற்கு மேலே போகக் கூடாது.

அந்த வீட்டில் மேல் விளிம்பு எங்கே இருந்தது? 6 அடிக்கு மேல்! ஒன்றே முக்கால் அடி அதிகம். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கு மேல் எல்லைதான். அந்த எல்லை வரை போயே ஆக வேண்டும் என்பது இல்லை. இன்னும் இறங்கினால் இன்னும் சுகம்.

தரையிலும் உட்காருகிறார்கள், நாற்காலியிலும் உட்காருகிறார்கள் என்றால் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உயரம் உண்டு. படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து 3 அடி. அதாவது இரண்டு முழம். தரையில் இருப்பவர் கண்ணுக்கு அது அரை முழம் மேலே. நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு அது அரை முழம் கீழே. இருவருக்கும் சமம். வழக்கு தீர்ந்தது!

எல்லோரும் சோபாவில்தான் உட்காருகிறார்கள், தரையில் யாரும் இல்லை என்றால், நடுப்பகுதி 3½ அடி இருக்கலாம்.

முழம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஓட்டை போடும்போது மட்டும் டேப்பால் அளப்பதே நல்லது.

பேப்பர் ஒட்டிப் பாருங்கள்!

ஓட்டை போட்ட பிறகு யோசிப்பதைவிட, போடும் முன்பே யோசிப்பது நல்லது. அதற்கு ஒரு பைசா செலவு இல்லாத வழி இருக்கிறது. படித்து முடித்த பழைய நாளிதழ் போதும்.

டி.வி.யின் அங்குலக் கணக்கு, மூலைக்கு மூலை குறுக்காக அளக்கும் கணக்கு. அது அகலமும் அல்ல, உயரமும் அல்ல. 32 அங்குல டி.வி.யின் படம் 2 அடி 4 அங்குல அகலம், 1 அடி 4 அங்குல உயரம் இருக்கும். 43 அங்குலம் என்றால் 3 அடி 1½ அங்குல அகலம், 1 அடி 9 அங்குல உயரம். 55 அங்குலம் என்றால் 4 அடி அகலம், 2¼ அடி உயரம்.

இந்த அளவுக்கு நாளிதழ்களை ஒட்ட வேண்டும். அதைச் சுவரில், நினைத்த உயரத்தில் பசை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். சாயங்காலம் எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு பேச வேண்டும்.

யார் தலை பின்னால் சாய்கிறது? யார் தலையணையை நகர்த்துகிறார்? பார்த்தால் தெரிந்துவிடும். பேப்பரைக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஒட்டலாம். பேப்பரை நாலு தடவை ஒட்டலாம். சுவரில் நாலு தடவை ஓட்டை போட முடியுமா?

குழந்தை உடைத்துவிடாதா?

"கீழே மாட்டினால் குழந்தை கையால் அடிக்கும். பந்தை எறியும். உடைந்துவிடும்!" என்று சிலர் சொல்லுவார்கள்.

நியாயமான பயம்தான். டி.வி. விலை கொஞ்சமா? ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். குழந்தை 2 வயதில் தட்டும். 4 வயதில் சொன்னால் கேட்கும். டி.வி. பத்து வருஷம் இருக்கும். இரண்டு வருஷத்துப் பயத்துக்காகப் பத்து வருஷம் எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டுமா? அந்த இரண்டு வருஷம், சில அங்குலம் உயர்த்தி, கால் பங்கு எல்லைக்குள் மாட்டினால் போயிற்று.

உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டிப் போடாமல் மேஜை மீது நிற்க வைத்த டி.வி.தான் அபாயம். குழந்தை மேஜையைப் பிடித்து ஏறும். வயரை இழுக்கும். டி.வி. சரிந்து அதன் மேல் விழும். பல நாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். டி.வி. உடைவது பெரிதல்ல. குழந்தைதான் பெரிது.

ஆகவே மேஜை மீது வைப்பவர்கள், டி.வி.யின் பின்புறத்தைச் சுவரோடு பட்டை போட்டு இறுகக் கட்ட வேண்டும். வயர் தொங்கக் கூடாது. டி.வி. மேலேயும், மேஜை மேலேயும் பொம்மை, மிட்டாய், ரிமோட் எதையும் வைக்கக் கூடாது. அவைதான் குழந்தையை ஏறச் சொல்லிக் கூப்பிடும்.

சுவரில் மாட்டுபவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. ஓட்டை, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சை மட்டும் நம்பினால் ஒருநாள் பூச்சோடு டி.வி.யும் கீழே வரும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடக் கூடாது. சுவருக்குள் மின்சார வயர் அந்த வழியாகத்தான் போகும். வேலை தெரிந்தவரை வைத்துச் செய்வதே நல்லது.

"தரையில் இருப்பவர் தலை, பின்னால் நாற்காலியில் இருப்பவருக்கு மறைக்காதா?" என்று இன்னொரு கேள்வி வரும். மறைக்காது. தரையில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை சுமார் 2¾ அடி உயரம்தான். நாற்காலிக்காரர் 9 அடி தூரத்தில் இருக்கிறார், தரைக்காரர் 6 அடி தூரத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாற்காலிக்காரரின் பார்வை தரைக்காரர் தலைக்கு மேலே தாராளமாகப் போய்விடும்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

வாடகை வீட்டுக்காரர் பாடு கொஞ்சம் கஷ்டம். ஆணி அடிக்கவே வீட்டுச் சொந்தக்காரர் முறைப்பார். ஏற்கனவே யாரோ போட்ட ஓட்டையில் மாட்ட வேண்டியதுதான் என்று நினைப்பார்கள்.

டி.வி.யைச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. 2 அடிக்கு உட்பட்ட உயரத்தில் ஒரு கெட்டியான மேஜை போதும். டி.வி.யோடு வரும் கால்களைப் பூட்டி அதன் மேல் வைத்தால், படத்தின் நடுப்பகுதி தானாகவே 3 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். கட்டிப் போட மட்டும் மறக்கக் கூடாது. சொந்தக்காரர் சம்மதித்தால் ஒரே ஒரு கொக்கி போதும்.

இறக்கவே வழி இல்லையா? அப்படியானால் டி.வி.யைக் கீழ் நோக்கிச் சாய்க்கும் ஸ்டாண்டு கிடைக்கும். அதில் மாட்டினால் படமாவது நன்றாகத் தெரியும். பல டி.வி.களில் ரொம்பக் கீழே இருந்து பார்த்தால் நிறம் வெளிறித் தெரியும். சாய்த்தால் அந்தக் குறை தீரும். ஆனால் கழுத்துக் கஷ்டம் தீராது. அதற்கு ஒரு வழி, உட்காருபவர் பின்னால் தள்ளி உட்காருவது. தூரம் கூடினால் கால் பங்கும் கூடும்.

படுத்துப் பார்ப்பவருக்கு வேறு கணக்கு

ஒருவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் கட்டிலில் படுத்துப் பார்ப்பவர்.

தலையணையில் சாய்ந்து படுத்தால் பார்வையே மேல் நோக்கிப் போகிறது. அவருக்கு டி.வி. தாழ்வாக இருந்தால், தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு பவர் உள்ள மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவருக்கு இன்னும் தொல்லை. கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கு உள்ளது. அதன் வழியாகத் தூரத்து டி.வி.யைப் பார்த்தால் படம் மங்கும். ஆகவே படுக்கை அறையில் டி.வி. கொஞ்சம் உயரமாக, கீழ் நோக்கிச் சாய்ந்து இருப்பதே நல்லது. படுத்த படுக்கையாக உள்ளவருக்கு டி.வி. பெரிய துணை. அவர் படுத்திருக்கும் நிலையில், அவர் கண்ணை வைத்து இடம் பார்க்க வேண்டும்.

கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் உயரம் வேறு. ஆனால் விதி ஒன்றுதான். சுவரைப் பார்த்து மாட்டக் கூடாது. பார்ப்பவரின் கண்ணைப் பார்த்து மாட்ட வேண்டும்.

நாலு ஓட்டையும் ஒரு காலண்டரும்

மதுரைப் பக்கத்து வீட்டில் பிறகு என்ன நடந்தது?

டாக்டர் சொன்ன மறுநாளே டி.வி.யைக் கழற்றினார்கள். அதே ஆள் வந்தார். மறுபடியும் அதே கேள்வி: "எங்கே சார் மாட்டணும்?"

இந்தத் தடவை வீட்டுக்காரர் எழுந்து நிற்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. எங்கே மாட்டலாம்?"

பாட்டிக்கு வெட்கம். "எனக்கு என்னப்பா தெரியும்? உனக்கு எது வசதியோ அதைச் செய்" என்றார். பேரன் விடவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினான். சுவரில் வைத்துப் பிடித்தான்.

"இங்கேயா அப்பத்தா? இன்னும் கீழேயா?"

"இன்னும் கொஞ்சம் கீழே ராசா... ஆங், அங்கேதான்!"

டேப்பை வைத்து அளந்தார்கள். படத்தின் நடுப்பகுதி சரியாக 3 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

மேலே இருந்த நாலு ஓட்டைகள் மட்டும் அசிங்கமாகத் தெரிந்தன. மருமகள் ஒரு தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டினார். காலண்டருக்கு அது சரியான உயரம்தான். தேதி கிழிப்பவர் நின்றுகொண்டுதானே கிழிக்கிறார்!